குண்டின் வேகத்தை அளத்தல்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. 1751-ஆம் ஆண்டில் அங்கே பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் காய்ச்சல் கண்டு இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கோட்டைகளைச் செப்பனிட வந்தவர் அவர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க முறையில் அளந்து காட்டிய முன்னோடியும் அவரே.

மாணவ நண்பர்களே, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரம் அக்காலத்தில் ஏது? ஆதலின் ராபின்ஸ் கடிகாரத்தை நாடவேயில்லை. கனத்த மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். குண்டு பலகையில் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து மெல்ல நகரும். பலகையின் எடை குண்டின் எடையைப்போல் 700 மடங்கு எனக் கொள்வோம். விநாடிக்கு 1,700 அடி பாய்ந்த குண்டின் வேகம், இரண்டரை அடிக்கும் குறைந்த நடையாக அடங்கிவிடுகிறது! ஊசல் எவ்வளவு பின்வாங்கிற்று என்பதை ஒரு நாடாவைக் கொண்டே அளந்துவிடலாம். வெவ்வேறு தொலைவுகளில் ஊசலை வைத்து அளந்தபோது, காற்றின் தடை பலரும் எண்ணியதைவிட மிகப் பெரிது என்பது வெளியாயிற்று. குண்டு பரவளைவுப் பாதையில் செல்கிறது என்று நம்பிப் போட்ட கணக்குகள் ஆட்டங் கண்டன. 1742-இல் வெளிவந்த அவர் நூலை ஆய்லர் என்ற மாபெருங் கணித மேதையே 1745-இல் ஜெர்மன் மொழியில் விரிவுரையுடன் வெளியிட்டார்.

1860-களில் பெல்ஜிய நாட்டுப் படையதிகாரி லெ புலாஞ்ஜே மற்றொரு வழி கண்டார். குண்டு முதற் கம்பியை அறுத்ததும், மின்காந்தம் பிடித்திருந்த நெடுங்கோல் ஒன்று விழத் தொடங்கும். இரண்டாம் கம்பி அறுந்ததும் ஒரு கத்தி பாய்ந்து அக்கோலில் கீறல் இடும். கோல் விழுந்த தூரமே காலத்தைச் சொல்லிவிடும். அதாவது, புவியீர்ப்பே கடிகாரமாயிற்று.

இக்காலக் குரோனோகிராப்பில் கம்பிக்குப் பதிலாக இரண்டு ஒளிவாயில்கள் உள்ளன. குண்டின் நிழல் முதல் வாயிலில் பட்டதும் மின்னணுக் கடிகாரம் எண்ணத் தொடங்குகிறது; இரண்டாவதில் பட்டதும் நிற்கிறது. கருவியைத் தேர்ந்தெடுப்போர் பலரும் கடிகாரத்தின் நுட்பத்தையே கேட்கின்றனர். உண்மையில் பிழை புகும் இடம் வேறு. விநாடிக்கு 500 மீட்டர் செல்லும் குண்டு 1 மீட்டர் இடைவெளியைக் கடக்க 2 மில்லி விநாடி ஆகும். மைக்ரோ விநாடிகளை எண்ணும் கடிகாரம் 2,000 எண்ணிக்கை காட்டும். அதில் ஒன்று தவறினால் கேடில்லை. ஆனால் இடைவெளியை அளப்பதில் 1 சென்டிமீட்டர் தவறினால் விடையில் 5 மீட்டர் தவறும். இடைவெளி 30 சென்டிமீட்டரே எனில், அதே தவறு 17 மீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும்! எனவே வாயில்கள் விலகியும் அசையாமலும் இருத்தல் வேண்டும்.

துப்பாக்கி வாயருகே கருவியை வைத்தலும் ஆகாது. வெடிப்பின் வாயுவும் அதிர்ச்சியும் முதல் வாயிலை ஏமாற்றிவிடும். சில மீட்டர் தள்ளி வைத்தால் அத்தொல்லை நீங்கும். ஆனால் அப்போது கிடைக்கும் வேகம் இரு வாயில்களுக்கும் நடுவிடத்தில் குண்டுக்கு இருந்த வேகமே. துப்பாக்கியை விட்டுப் புறப்பட்டபோது இருந்த வேகம் வேண்டுமாயின், அதற்குள் காற்று பறித்துக்கொண்டதைக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.