வேல்ஸ் தொழிலாளர் எழுச்சி: சுவரிலும் சிலையிலும் கதையிலும்

நாம் வந்து குடியேறியிருக்கும் பிரித்தானியாவில் வாக்குரிமை என்பது ஏதோ தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் இருந்த ஒன்று என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவல்ல. இந்நாட்டின் உழைக்கும் மக்கள் அதற்காக மனு எழுதினார்கள், சிறை சென்றார்கள், துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். தெற்கு வேல்ஸின் நியூபோர்ட் நகரில் 1839இல் நடந்த எழுச்சி அவற்றுள் முக்கியமானது. அந்த நினைவைக் கலைகள் எவ்வாறு காத்து வந்தன, அதில் ஒன்று எவ்வாறு அழிக்கப்பட்டது என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது என நினைக்கின்றோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1838இல் வெளியான மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு, பாராளுமன்ற உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி வேண்டாம், உறுப்பினருக்குச் சம்பளம், சம அளவான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல் என்பனவே அவை. பெண்களின் வாக்குரிமை அதில் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுமார் 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர் கையொப்பமிட்ட மனுவை 1839 யூலையில் பாராளுமன்றம் 235 வாக்குகளுக்கு 46 என்ற கணக்கில் தள்ளிவிட்டது.

அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு ஆலைகளிலும் உழைத்த ஆயிரக்கணக்கான மக்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து நியூபோர்ட்டை நோக்கி நடந்தார்கள். துணி வியாபாரியும் நகரின் முன்னாள் மேயருமான ஜோன் புரொஸ்ட், ஸெபனாயா வில்லியம்ஸ், கடிகாரம் திருத்தும் வில்லியம் ஜோன்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். கைதான தோழர்கள் வெஸ்ற்கேற் ஹோட்டலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாட் காலை அதன் முன் திரண்டனர். உள்ளே சுமார் 30 படையினர் இருந்தார்கள். சில நிமிடங்களில் ஏறத்தாழ 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவன் ஜோர்ஜ் ஷெல் என்ற இளம் தச்சுத் தொழிலாளி. வீட்டைவிட்டுப் புறப்படுமுன் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவைத்து வந்தவன். பத்துப் பேரின் உடல்கள் புனித வூலோஸ் தேவாலய வளவில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டன. மூன்று தலைவர்களுக்கும் மொன்மத் நீதிமன்றம் 1840 சனவரியில் மரணதண்டனை விதித்தது. பின்னர் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, அவர்கள் இன்று தஸ்மேனியா என்று அழைக்கப்படும் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

இனி கலைகளுக்கு வருவோம். நியூபோர்ட் ஓவியரான ஜேம்ஸ் ஃபிளூவிட் முல்லொக் 1840இல் ஹோட்டல் முன்னே நடந்த மோதலைப் படமாக்கி அச்சிட்டார். இன்றும் இந்த எழுச்சி பற்றிய புத்தகங்களில் நாம் அதிகம் காண்பது அந்தப் படத்தைத்தான்.

1959இல் வெளியான 'ரேப் ஒஃப் த ஃபெயர் கன்ட்ரி' என்ற நாவல் இக்கதையை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. பிளனாவொன் பகுதி இரும்பு ஆலைகளில் உழைக்கும் மோர்ட்டிமர் குடும்பத்தின் கண்களால் சொல்லப்படும் இக்கதை நியூபோர்ட் எழுச்சியில் வந்து நிற்கிறது. இதை எழுதிய அலெக்சாண்டர் கோர்டெல் 1914இல் பிறந்தது நமது கொழும்பில் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பிரித்தானியப் படைவீரர் ஒருவரின் மகனான அவர் வேல்ஸில் பிறந்தவரல்ல. ஆயினும் குடியேறிய மண்ணின் கதையைத் தேடிக் கற்று, அம்மக்களே தமது கதையென்று கொண்டாடும்படி எழுதினார். புதிய மண்ணில் வாழத் தொடங்கியிருக்கும் எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

1978இல் கெனத் பட் என்ற கலைஞர் நியூபோர்ட் நகர மையத்திலிருந்த சுரங்க நடைபாதையில் 35 மீற்றர் நீளச் சுவர்ச்சித்திரம் ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்து, தொழிலாளரின் அணிவகுப்பையும் துப்பாக்கிச் சூட்டையும் காட்டிய சித்திரம் அது. அருகிலிருந்த சதுக்கத்தின் பெயர் ஜோன் புரொஸ்ட் சதுக்கம். ஒருகாலத்தில் அரசுத் துரோகியென்று தீர்ப்பளிக்கப்பட்டவரின் பெயரையே அவ்வூர் தன் நடுவில் வைத்துக்கொண்டது. கலைக்கூடத்துக்குப் போகாதவர்கள்கூட, மரக்கறிப் பையுடன் கடைக்குப் போகும்போதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்லும்போதும் அந்தச் சித்திரத்தைக் கடந்து போனார்கள். அதுவே அதன் சிறப்பு.

ஆனால் 2013 ஒக்ரோபர் 3ஆம் திகதி, புதிய கடைத்தொகுதி கட்டுவதற்காக அச்சுவர் இடித்துத் தள்ளப்பட்டது. அதைக் காக்க வேண்டுமென்று மக்கள் குரல் எழுப்பியிருந்தார்கள். பெயர்த்து எடுக்கச் செலவு மிக அதிகம் என்றது நகரசபை. கடைத்தொகுதி 2015இல் திறக்கப்பட்டது. பிற்பாடு கலைஞரின் மகன் ஒலிவர் பட், ரோஜர்ஸ்ரோன் என்ற அயற் பகுதியில் அச்சித்திரத்தைச் சிறிய அளவில் மீண்டும் உருவாக்கினார்.

சுவர் போனாலும் நினைவு முழுவதும் போய்விடவில்லை. வெஸ்ற்கேற் ஹோட்டலின் முன் 1991இல் கிறிஸ்தோபர் கெலி அமைத்த வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒற்றுமை, விவேகம், ஊக்கம் என்பன அவற்றின் பெயர்கள். பிளக்வுட் அருகே 2005இல் திறக்கப்பட்ட பாலத்தின் பக்கத்தில், செபஸ்ரியன் பொய்செனின் கைவண்ணத்தில், உருக்கு வளையங்களால் ஆன உயர்ந்த மனிதன் ஈட்டியுடன் நிற்கிறான். அண்மை ஆண்டுகளில் நவம்பர் மாதத்தில் நியூபோர்ட் மக்கள் தீப்பந்தம் ஏந்தி, அன்று தோழர்கள் வந்த வழியில் ஹோட்டலை நோக்கி ஊர்வலமாகச் செல்கிறார்கள். சிறுவர் முதல் முதியோர் வரை அதில் நடக்கிறார்கள்.

கல்லும் வெண்கலமும் மட்டும் நினைவைக் காத்துவிடுவதில்லை. அதைக் கவனிக்கும் மக்கள் வேண்டும். இரண்டு இலட்சம் துண்டுகளைப் பொறுமையாகப் பதித்த சுவரை உடைக்க இயந்திரத்துக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அதை மீண்டும் சிறிதாகவேனும் எழுப்பியது அதைக் கண்டு வளர்ந்தவர்களின் பிடிவாதம்தான். தமது நூலகமும் நினைவிடங்களும் அழிக்கப்படக் கண்ட எமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஆண்டுதோறும் தேர்தல் என்பதைத் தவிர ஏனைய ஐந்தும் இன்று நடைமுறையில் உள்ளன. இலங்கை பொதுநலவாய நாடாக இருப்பதால், இங்கே சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் எம்மவர் பிரித்தானியக் குடியுரிமை கிடைக்குமுன்பே தேர்தலில் வாக்களிக்கலாம். பெயரைப் பதிவுசெய்யத் தவறியவர்கள் உள்ளூர் நகரசபையில் பதிவுசெய்துகொள்ளுங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூபோர்ட் சென்று சிலைகளைக் காட்டி, ஜோர்ஜ் ஷெல் என்ற அந்தப் பையன் எதற்காக மழையில் நடந்தான் என்று எமது மொழியில் சொல்லிக் கொடுங்கள். வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது அவனை அவர்கள் நினைப்பார்கள்.