பிரிஸ்டலுக்கு வேண்டிய பல் டாக்டர் வெம்பக்கோட்டைக்கு வேண்டாமா?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவ முகாம். ஐந்தாம் வகுப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச் லைட், கண்ணாடி, ஒரு டப்பா கையுறை. முகாமுக்கு வந்திருந்த பல் டாக்டர் எங்கள் தெருப் பெண். மதுரையில் பி.டி.எஸ். முடித்தவள். கூட்டத்தைச் சமாளிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்து வந்திருந்தாள்.

வரிசையில் வந்த ஓர் அம்மாவுக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. கிராம்பை அதக்கி அதக்கி வாயெல்லாம் கிராம்பு வாசம். பட்டாசு ஆலையில் வேலை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாள்:

“கடைவாய்ப் பல்லு சொத்தைக்கா. ஆனா காப்பாத்திரலாம். வேர் சிகிச்சை பண்ணி மேல கேப் போடணும்.”

“கேப்பா? அதத்தான தாயி தெனமும் சுத்திக்கிட்டு இருக்கோம்” என்றார் அந்த அம்மா. வரிசையே சிரித்தது. துப்பாக்கியில் போட்டு வெடிக்கிற சுருள் கேப் தவிர வேறு கேப் சிவகாசி வட்டாரத்துக்குத் தெரியாது.

“எத்தன தடவ வரணும்?”

“மூணு தடவையாவது வரணும்க்கா. சிவகாசிக்கோ விருதுநகருக்கோ.”

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “மூணு நாள் சம்பளம் போச்சு. பேசாமப் புடுங்கி விட்ரு தாயி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். இங்கிலாந்தின் ஓ.ஆர்.இ. தேர்வுக்கான புத்தகம். வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் இங்கிலாந்தில் தொழில் செய்ய எழுத வேண்டிய தேர்வு அது. அவள் வேலை பார்க்கிற மதுரை கிளினிக்கில் காலை பத்து மணிக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள். அங்கே அவள் வாங்கும் சம்பளத்தைச் சொன்னால் அவளுக்குச் சங்கடம். பட்டாசு ஆலை போர்மேன் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவள் போக நினைக்கிற இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2024 பிப்ரவரியில் நடந்ததைப் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். செயின்ட் பால்ஸ் பகுதியில் மூடிக் கிடந்த ஒரு பல் மருத்துவமனை அரசு மருத்துவத் திட்டத்தில் நோயாளிகளைச் சேர்ப்பதாகச் சொல்லித் திறந்தது. நூற்றுக்கணக்கானோர் தெருவை வளைத்து வரிசையில் நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த போலீஸ் வர வேண்டியதாயிற்று. நம் ஊரில் ரேஷன் கடைக்குப் பொங்கல் பரிசு வந்தால் நிற்கிற கூட்டம், அங்கே பல் டாக்டரிடம் பெயர் பதிய நின்றது.

அதே மாதம் பிரிட்டிஷ் அரசு ஒரு யோசனையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர் ஓ.ஆர்.இ. தேறும்வரை காத்திருக்க வேண்டாம்; தற்காலிகப் பதிவு கொடுத்து, பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க விடலாம் என்பது அதன் சாரம். ஓ.ஆர்.இ. எழுத முயன்றவர்களைக் கேட்டால் இதன் அருமை புரியும். முதல் பகுதி எழுத்துத் தேர்வு, இரண்டாம் பகுதி செய்முறை. இரண்டாம் பகுதிக்கு மட்டும் 2024-இல் நான்காயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம். நம் காசுக்கு நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதையும் கட்டத் தயாராக இருந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே! தட்கல் டிக்கெட் எடுக்கிற மாதிரி கணினி முன்னால் உட்கார வேண்டும். கொரோனாக் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் தேர்வே நடக்கவில்லை. தேங்கிய கூட்டம் கரைய வெகுகாலம் ஆயிற்று.

விதியைத் தளர்த்தினால் தரம் போய்விடுமே என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. என் கணக்கில் அது நியாயமான பயம்தான். ஆனால் தரம் பார்க்கிற தேர்வு வேறு, இடம் இல்லாமல் ஆளை வருடக்கணக்கில் வாசலில் நிறுத்துகிற தேர்வு வேறு. பக்கத்தில் ஒரு மூத்த மருத்துவர் உண்மையிலேயே நின்று பார்ப்பார் என்றால் தற்காலிகப் பதிவில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கம் சொல்வது வேறு. பல் டாக்டர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. 2006-இல் வந்த ஒப்பந்த முறை கட்டுப்படியாகாமல் அரசுத் திட்டத்தை விட்டுத் தனியார் பக்கம் போகிறார்கள் என்கிறது சங்கம். ஓட்டைக் குடத்தில் இங்கிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு விதியை இப்படித் தளர்த்துவது நமக்கும் புதிதல்ல. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது இந்தியாவில் பட்டம் படித்த பல் மருத்துவர்கள் மிகக் குறைவு. கல்கத்தாவில் 1920-இல் ரஃபியுதீன் அகமது தொடங்கியதுதான் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அதனால் சட்டத்தில் ‘பி பகுதி’ என்று ஒரு பதிவேடு வைத்தார்கள். பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்து வருடம் இதையே பிழைப்பாகச் செய்தவர் அதில் பெயர் பதியலாம். அப்பாவிடம் மகன் கற்ற தொழில் அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து பர்மா வழியாக வந்து சென்னையிலும் வேறு ஊர்களிலும் கடை போட்ட ‘சைனா பல் டாக்டர்’களை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் கற்றதும் குடும்பத் தொழிலாகத்தான். அடுத்த தலைமுறை பி.டி.எஸ். படித்துவிட்டது.

பின்னால் 1972-இல் வந்த திருத்தம் பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து கலவரத்துக்கு அஞ்சித் திரும்பிய இந்திய வம்சாவளியினருக்கும் பதிவேட்டின் கதவைத் திறந்தது. அகதியாய் வந்தவர் கையில் தொழில் இருந்தால் காகிதத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஏற்றுக்கொண்ட நாடு இது. இன்று நிலைமை மாறிவிட்டது. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர் இங்கே தனித் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும்.

விதிகள் கதை இருக்கட்டும், பல்வலிக் கதைக்கு வருவோம். தீப்பெட்டிக்கும் பல்லுக்கும் ஒரு பழைய உறவு உண்டு, சிவகாசியில் அதிகம் பேசப்படாதது. லண்டனில் 1888-இல் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைப் பீடித்த நோய்க்குப் பெயர் ‘ஃபாஸி ஜா’. வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவி சொத்தைப் பல் வழியாக இறங்கித் தாடை எலும்பை அழுகவைக்கும் நோய். பல்வலி என்று சொன்னால் வேலை போய்விடும் என்று வலியை மறைத்தவர்கள் உண்டு. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை 1913-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923 வாக்கில். பத்து வருட இடைவெளியில் நம் ஊர்ப் பெண்களின் தாடை தப்பியது. பல்வலியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பழக்கம் மட்டும் தப்பவில்லை.

அந்த வலியைப் பார்க்க நாட்டில் டாக்டருக்குப் பஞ்சமா என்றால், இல்லை. இந்தியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பதிவு செய்த பல் மருத்துவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளே சென்னை, சிதம்பரம், 2023-இல் திறந்த புதுக்கோட்டை என்று மூன்று. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை நாடுகளென்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 55 நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே இங்கிருந்து ஆள் எடுக்க இங்கிலாந்துக்குத் தயக்கம் இல்லை. நாடு முழுவதையும் கூட்டி வகுத்தால் அப்படித்தான் வரும். வெம்பக்கோட்டையைத் தனியாக வகுத்துப் பார்க்க அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

எங்கள் தெருப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் சொந்தமாகக் கிளினிக் போடச் சொன்னேன். பல் நாற்காலி, எக்ஸ்ரே, கம்ப்ரஸர், அட்வான்ஸ் என்று அடுக்கினாள். கடன் வாங்கிப் போட்டாலும் வருகிறவர்கள் “புடுங்கி விட்ரு தாயி” என்பவர்கள். அவர்களிடம் வேர் சிகிச்சைக் கட்டணம் வாங்கி அவளால் வட்டி கட்ட முடியாது. அரசு வேலை என்றால் வருடக்கணக்கில் காத்திருந்து ஓர் அறிவிப்பு. அவள் இங்கிலாந்துத் தேர்வுக்குப் படிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கே பிரிட்டிஷ் அரசு விதியைத் தளர்த்தினால் முதலில் சந்தோஷப்படுவது நானாகத்தான் இருப்பேன். அடுத்த முகாமுக்கு யார் வருவார்கள் என்பது வேறு கவலை.

அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் புறநோயாளிகளைப் பார்க்கிற காலை நேரத்தில்தான் ஆலை வேனும் கிளம்புகிறது. வேன் திரும்பும்போது டாக்டர் வீட்டுக்குப் போய்விடுகிறார். திறந்திருப்பது மெடிக்கல் கடை ஒன்றுதான். வலி மாத்திரை இரண்டு, வீக்கத்துக்கு இரண்டு. பிள்ளைகளுக்காவது 2023-இல் தொடங்கிய ‘புன்னகை’ திட்டத்தில் பள்ளியிலேயே பல்லைப் பார்க்கிறார்கள். அம்மாக்களுக்கு அதுவும் இல்லை.

சுகாதாரத் துறைக்கு ஒரு விண்ணப்பம். வெம்பக்கோட்டை, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு பல் நாற்காலி போடுங்கள். அதற்கு நிரந்தரச் சம்பளத்தில் ஒரு பி.டி.எஸ். டாக்டரை நியமியுங்கள். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை முழுநாள் திறந்து வையுங்கள். பட்டாசு ஆலைக்கு அன்றுதான் லீவு.