உங்களுக்குத் தெரியுமா? கிழட்டு நாயின் தீராத அரிப்பு

நாய்களுக்கு வரும் பரம்பரைத் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையிலேயே தலைகாட்டிவிடும். பிறகு ஆயுளுக்கும் விடாது. எனவே பத்து வயது நாய் முதன்முறையாகச் சொறியத் தொடங்கினால், ‘அலர்ஜிதான்’ என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு குறைபாடு, சொறிப்பூச்சி, பூஞ்சை, அபூர்வமாகத் தோல் புற்றுநோய்கூட இருக்கலாம்.

பாதத்தை ஓயாமல் நக்குவது, காதில் அடிக்கடி புண் வருவது இரண்டுமே ஒவ்வாமையின் அடையாளங்கள். காதுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டால் காது ஆறும், காரணம் அப்படியே இருக்கும்.

தெள்ளுப்பூச்சியின் எச்சில் பட்டாலே சில நாய்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நாயின் மேல் தெரிபவை கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மிச்சமெல்லாம் பாயிலும் படுக்கையிலும் கிடக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பகமான வழி, இதுவரை தின்னாத ஒரே வகை உணவைக் குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் தாத்தா பாசத்தோடு நீட்டும் ஒரு பிஸ்கட் போதும், சோதனை பாழ்!

ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பைச் சட்டென்று அடக்கும். ஆனால் நாளாக நாளாகத் தாகம், பசி, சிறுநீர், எடை எல்லாம் கூடும். 2013-இல் அமெரிக்கா அனுமதித்த ஓக்லாசிட்டினிப் என்ற அரிப்பு மருந்து ஸ்டீராய்டு அல்ல. என்றாலும் கட்டி உள்ள முதிய நாய்களுக்கு அதைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டை மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.