கோட்டில் தொடங்கிய வாழ்வு: ஓவியர் ஆதிமூலம்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் வாழும் நம் வாடிக்கையாளர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை நிலத்தடியில் உழைத்த பெரியவர் அவர். அவருடைய பேத்தி பி.யூ.சி. முடித்தவள், பெங்களூரில் ஓவியம் பயில விரும்புகிறாள். அவளுடைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். சுரங்க வாயிலில் நிற்கும் இரும்புக் கோபுரம், சயனைடு மேடுகள், மாரிகுப்பத்தில் காலை இரயிலைப் பிடிக்க விரைவோர் என யாவும் கறுப்பு மையில் தீட்டப்பட்டிருந்தன. ஏட்டை மூடியபோது பெரியவர் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குது ஐயா. ஆனா கோடு போட்டா சோறு கிடைக்குமா?"

அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நூறாண்டுக்கும் மேலாக ஓர் ஊருக்கே சோறிட்ட தொழில் நின்றுபோனதைக் கண்ணால் கண்டவர் கேட்ட கேள்வி அது. அறிவுரை கூறுவதைவிட, கறுப்புக் கோட்டையே முதலாகக் கொண்டு வாழ்வைத் தொடங்கிய தமிழ் ஓவியர் ஒருவரின் வரலாற்றை எடுத்துரைப்பதே தக்க விடை என்று நமக்குத் தோன்றியது. அவர் கே.எம். ஆதிமூலம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஆதிமூலம். ஓவியம் கற்கும் வேட்கையுடன் சென்னை வந்த அவ்விளைஞருக்குச் சிற்பி எஸ். தனபால் வழிகாட்டியாக அமைந்தார். 1850இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளி, அவர் பயின்ற காலத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் புதிய தேடல்களின் களமாக விளங்கியது. மேலை நாட்டு முறைகளை அப்படியே பின்பற்றாமல், நம் மரபின் உயிர்நாடியான கோட்டிலிருந்து நவீன ஓவியத்தை வளர்க்க முயன்றனர் அங்கிருந்தோர். அம்முயற்சியின் வலிமையான பயன்களுள் ஒன்று ஆதிமூலத்தின் கலை.

1966இல் பட்டயம் பெற்று வெளிவந்த அவர் வண்ணத்திற்கு விரைந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் பேனாவும் கறுப்பு மையுமே அவருடைய முதன்மைக் கருவிகளாக இருந்தன. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் அடிகளின் உருவத்தை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். இளமையிலும் முதுமையிலும் தோன்றும் அதே முகத்தை நூறு முறை வரைந்தும் ஒன்று மற்றொன்றின் நகலாக அமையவில்லை. சிலவற்றில் கோடுகள் நெருங்கிப் பின்னி நிழலாகின்றன. சிலவற்றில் ஒருசில கீற்றுகளே ஒரு மனிதரின் முழு உருவத்தைத் தாங்கி நிற்கின்றன. பின்னர் வந்த அரசர் வரிசையில் அதே கோடு எள்ளலைக் கற்றுக்கொண்டது. முடியும் அணியும் பூண்ட மன்னர்கள், அதிகாரம் கரைந்துபோன வெறும் உருவங்களாக அவற்றில் காட்சி தருகின்றனர்.

சோற்றுக்கு என்ன செய்தார்? கைத்தறிக்கு வடிவங்கள் உருவாக்கித் தரும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். அவர் காலத்துச் சென்னை ஓவியர்கள் பலருக்கு அம்மையமே நிலையான ஊதியம் தந்தது. அதனுடன் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் படங்கள் வரைந்தார், அட்டைகள் வடிவமைத்தார். கல்லில் உளியால் செதுக்கியவை போன்ற அவருடைய தமிழ் எழுத்துகள் நூல் தலைப்புகளின் தோற்றத்தையே மாற்றின. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல் காட்டுத் தொடருக்கு அவர் வரைந்த படங்கள், ஓவியக் கூடத்தின் வாயிலை மிதித்தறியாத பல்லாயிரம் வாசகரிடம் நவீன ஓவியத்தைக் கொண்டுசேர்த்தன. இவற்றை வயிற்றுப்பாட்டுக்கான சிறு வேலைகள் என்று அவர் தாழ்த்திக் கருதவில்லை என்பதை அக்கோடுகளின் கவனமே காட்டும்.

கோட்டில் இவ்வாறு ஊன்றிய பின்னரே வண்ணம் அவரிடம் பெருக்கெடுத்தது. பிற்கால எண்ணெய் வண்ண ஓவியங்களில் உருவங்கள் மறைந்துவிடுகின்றன. அகன்ற பரப்புகளாக, தடித்த அடுக்குகளாகப் பூசப்பட்ட நீலமும் சிவப்பும் பச்சையும் நிலம், நீர், வானம் ஆகியவற்றின் சாயலை மட்டும் ஏந்தி நிற்கின்றன. முதற்பார்வைக்கு அவை வேறொருவர் கைவண்ணம் போலத் தோன்றலாம். சற்று நின்று பார்த்தால், ஒரு வண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும் விளிம்பில் பழைய கோட்டின் உறுதியைக் காணலாம். 2008 ஜனவரியில் மறையும்வரை இவ்விரண்டு வழிகளிலும் அவர் இயங்கி வந்தார்.

இவ்வரலாற்றைக் கூறி முடித்தபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சுரங்கத்தை யாராவது வரைஞ்சிருக்காங்களா?" என்று கேட்டார். மெக்சிகோவின் தியேகோ ரிவேரா 1923இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகச் சுவரில் தீட்டிய ஓவியங்களைப் பற்றிக் கூறினோம். ஒன்றில் தொழிலாளர் சுரங்கத்துள் இறங்குகின்றனர். மற்றொன்றில், வெளியேறும் தொழிலாளி இரு கைகளையும் விரித்து நிற்க, அவன் உடல் சோதனையிடப்படுகிறது. பெரியவர் அமர்ந்தபடியே தம் கைகளை விரித்துக் காட்டினார். "இப்படித்தான் நிப்போம்" என்றார். பேத்தி ஏட்டைத் திறந்தாள்.

ஓவியம் உறுதியாகச் சோறு போடும் என்று நாம் எவருக்கும் வாக்களிக்க இயலாது. ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் தங்கம் எடுத்த ஊருக்குப் பொறுமையின் விலையைச் சொல்லித்தர வேண்டியதுமில்லை. ஆதிமூலத்தின் வாழ்வு காட்டுவது இதுவே: அடிப்படையை ஆழமாகக் கற்றவருக்கு நெசவிலும் அச்சிலும் எழுத்திலும் பிழைக்க வழி பிறக்கிறது, அவ்வழியில் நடந்துகொண்டே தம் கலையையும் வளர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் விருப்பத்தை மறுக்குமுன் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம். அங்கீகாரம் பெற்ற கவின்கலைப் பட்டப்படிப்பும் பட்டப்படிப்பே. அதற்கான கல்விக் கடன் குறித்துக் கிளையில் தயங்காமல் கேட்கலாம்.

நாம் விடைபெற்றபோது, கைகளை விரித்து அமர்ந்திருந்த பாட்டனாரை அவள் வரையத் தொடங்கியிருந்தாள். பெரியவர் அசையாமல் இருந்தார்.