மாட்டு எச்சிலும் பொங்கல் சோறும்

மாட்டுக்குக் காதடியில், தாடையடியில், நாக்கடியில் என்று ஜோடி ஜோடியாக உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. நல்ல கறவை மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும். நம்பச் சிரமம்தான்! அத்தனையும் மாடு விழுங்கிவிடுகிறது. அதிலுள்ள சோடா உப்பு, பெருவயிற்றில் தீனி நொதித்து உண்டாகும் புளிப்பை முறிக்கிறது. வைக்கோலை மென்று அசைபோட்டால்தான் எச்சில் நன்றாகச் சுரக்கும். சோற்றுக்கு மெல்லுகிற வேலையே இல்லை பாருங்க. எச்சிலும் குறைவு, புளிப்போ அதிகம். மாட்டுப் பொங்கலன்று பிரியமாய்க் குண்டான் குண்டானாக வைக்கிறோமே, மறுநாள் மாடு அசைபோடாமல் படுத்துவிடுவது இதனால்தான். செத்தும் போகும். சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி கொடுங்க, போதும். மிஞ்சித் தின்றுவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைத்து வாங்க.