துபாய் போக 3 மணி நேரம். தேதியில் கவனம் தேவை!

தாராவியிலிருந்து நாகர்கோவில் போக வேண்டுமானால், ரெயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. அதே தாராவிக்காரர் துபாய்க்கு விமானம் ஏறினால், சுமார் 3 மணி நேரத்தில் அங்கே இறங்கி விடுகிறார். இத்தனைக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாகர்கோவிலுக்கு ரெயில் பாதை 1,800 கி.மீ.க்கு மேல். துபாய்க்கு ஆகாய மார்க்கத்தில் நேர் தூரம் சுமார் 1,930 கி.மீ.

ஒரு காலத்தில் அரபு நாடுகளுக்குப் போகிறவர்கள் கப்பலில்தான் போனார்கள். பம்பாயிலிருந்து வளைகுடாத் துறைமுகங்களுக்குச் சென்று வந்த 'துவாரகா' என்ற பயணிகள் கப்பல் 1982-ம் ஆண்டு வரை ஓடியது. அதில் போனவர்கள் நாள் கணக்கில் கடலில் இருக்க வேண்டும். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, வேலைக்குப் போவோர் கூட்டம் பெருகியது. 1981-ல் சகாரில் சர்வதேச விமான முனையம் திறக்கப்பட்டது.

வேகமும் நேரமும்

விமானம் மணிக்கு 800 முதல் 850 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அப்படியானால் இரண்டரை மணி நேரம் கூட ஆகக் கூடாதே என்று கேட்கலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, புறப்பட வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்க இடம் கிடைக்கும் வரை வட்டமிடுவது எல்லாம் அந்த 3 மணி நேரத்தில் சேர்த்திதான்.

மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் பலம் அதிகம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளி விடும். அதனால் திரும்பும் பயணம் சற்று சீக்கிரம் முடிகிறது.

கடிகாரக் கணக்கு

துபாய் கடிகாரம் நம் கடிகாரத்தை விட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு; சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு. இங்கே காலை 4 மணிக்குப் புறப்பட்டு, மூன்றே கால் மணி நேரம் பறந்தால், அங்கே மணி 5.45. "ஒண்ணே முக்கால் மணி நேரத்தில் போய்விட்டோம்" என்று எண்ண வேண்டாம்.

திரும்பி வரும்போது தேதியே மாறி விடும். அங்கே 15-ந் தேதி இரவு 10 மணிக்கு ஏறுகிறவர், இங்கே 16-ந் தேதி அதிகாலை இரண்டரை மணி அளவில் இறங்குவார். அழைத்து வரப் போகிறவர்கள் 15-ந் தேதி இரவே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டிக்கெட்டில் '16-ந் தேதி 0.30 மணி' என்று இருந்தால், அது 15-ந் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி. 16-ந் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட் பணம் போகும். வேலையில் சேரும் நாளும் தவறும்.

விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்னதாகவே அங்கே இருப்பது நல்லது. தாராவி, மாதுங்கா, செம்பூரிலிருந்து சகார் பக்கம்தான். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாதையை நம்ப முடியாது. டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டுக் காலண்டரில், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நாளையும் மணியையும் குறித்து வையுங்கள்.