செல்லாக் காசின் சரித்திரம்

கரூர் ஆற்றுமணலில் கிடைத்த ரோமானியச் சில்லறைகள் வணிக வரலாற்றை நீட்டிக்கின்றன

இடுக்கி மலைகளில் பிறக்கும் பாம்பாறு, எல்லை தாண்டி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூரைத் தொடும் இடத்தில், மணலைச் சலிப்பவர்களின் கையில் சிக்கியவை சுண்டுவிரல் நகமளவு செப்புக் காசுகள். எடை ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். கறுத்து, தேய்ந்துபோன இவற்றுக்குப் பழைய உலோகக் கடையில் எடைக்கு எடைதான் விலை.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்கு வந்த பெருவழியில் ரோமானியக் காசுகள் புதிதல்ல. ஆனால் பேசப்பட்டதெல்லாம் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தங்கமும் வெள்ளியும்தான். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் செம்பை அதிகம் பேர் சீண்டவில்லை. சீண்டியவர்களில் முக்கியமானவர், 2021இல் காலமான 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரைக் காசுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1994இல் வெளிவந்தது.

அரசன் பெயரே அழிந்துவிட்ட காசை எப்படி அடையாளம் காண்பது? பின்பக்கம் கைகொடுக்கிறது. கொடிக்கம்பத்துடன் இரு வீரர்கள் நின்றால் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் காலம். குதிரையிலிருந்து விழுபவனை வீரன் ஈட்டியால் குத்தினால் 348க்குப் பிறகு. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் சென்றால் 388ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. அடியில் உள்ள எழுத்துகள் அச்சிட்ட ஊரைச் சொல்லும்: 'ஏ.எல்.இ.' என்றால் அலெக்சாந்திரியா, 'ஏ.என்.டி.' என்றால் அந்தியோக்கியா. எழுத்துகள் அர்த்தமில்லாத கோடுகளாக இருந்தால் உள்ளூர்ப் போலியாக இருக்கலாம். இலங்கையில் இத்தகைய காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அசலைப் பார்த்து அங்கேயே செய்தவையும் அவற்றில் உண்டு.

இந்த விவரங்களை முதலில் அழிப்பது ஆர்வக்கோளாறுதான். புளியோ அமிலமோ போட்டுப் பளபளப்பாக்கினால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

இழப்பு சாதாரணமல்ல. தங்கத்தை உலோக மதிப்புக்காகவே கொண்டுவந்திருக்கலாம். சில்லறை அப்படியல்ல. ரோமுடனான வணிகம் முதல் இரு நூற்றாண்டுகளோடு ஓய்ந்துவிட்டது என்ற எண்ணத்தை இந்தச் செம்புதான் அசைக்கிறது. இவை நேரடி வணிகத்தில் வந்தனவா, இலங்கை வழியாக வந்தனவா, இங்கே சில்லறையாகப் புழங்கினவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. விடை காண, காசு கிடைத்த இடம் தெரிய வேண்டும். அதைக் குறித்துவைக்க ஒரு துண்டுச் சீட்டு போதும். சீட்டு இல்லாத காசுக்கு ராஜா உண்டு, ஊர் இல்லை.